மல்லிகா என்ன சொன்னாள்

கணபதி முதலாளிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய வாரத்தில்தான் யசோதாவின் கைக்கு மைக் வந்தது. இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். ஏனென்றால் பிறகு கண்டி டவுனில் கூடிய வாய்களெல்லாம், அந்தப் பெண் திட்டம் போட்டு ஒரு நல்ல மனிதரைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று பேசித் திரிந்தன. திட்டமாவது மண்ணாவது! அவளிடம் மைக்கைக் கொடுத்ததே அவர்தான். எங்கள் வீட்டுக்கு வரப்போகிற மருமகள் அசல் இங்கிலீஷைக் காதால் கேட்டுக் கதை சொல்லும் என்று, வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஊரெல்லாம் பெருமையடித்ததும் அவர்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு அது. பொழுது சாய்ந்தால் வீதியில் சோதனை, அடையாள அட்டை, எங்கே போகிறாய் ஏன் போகிறாய் என்ற கேள்வி. தமிழ்ச் சனம் இருட்டுவதற்குள் வீட்டுக்குள் அடைந்துவிடும். அதனால் முதலாளியின் வீடியோக் காட்சி ஞாயிறு காலையில் நடக்கும். கீழே அவருடைய பலசரக்குக் கடை, மேல்மாடியில் நீளமான ஹோல். ஒரு பக்கம் ஆண்கள் உட்கார நீள வாங்குகள், மறுபக்கம் பெண்களுக்கு. கலஹாத் தேயிலைத் தோட்டங்களிலிருந்துகூட முதல் பஸ்ஸைப் பிடித்து ஆட்கள் வந்து இறங்குவார்கள்.

தமிழ்ப் படம் தன்பாட்டில் ஓடும். இங்கிலீஷ் படமென்றால் டீவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, பக்கத்தில் கதிரையைப் போட்டு, மைக்கைப் பிடித்து முதலாளியே தமிழில் கதை சொல்வார். அவருடைய இங்கிலீஷ் லொறிக்காரர்களோடும் பொலிஸ்காரர்களோடும் பேசிச் சமாளிக்கப் போதும், படத்துக்குப் போதாது. போதாததை வாயாலேயே நிரப்பிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கெட்டிக்காரர். வெள்ளைக்காரப் பொடியனுக்குப் பாபு என்று பேர் வைப்பார், வெள்ளைக்காரிக்கு மல்லிகா என்று பேர் வைப்பார். இரண்டு குரலிலும் மாறி மாறிப் பேசுவார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

அவர் வைத்திருந்த படங்களில் சனம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு காலேஜ் படத்தை. அதற்குப் பூட்டின ரூம் படம் என்றே பேர் விழுந்துவிட்டது. கதை என்ன பெரிய கதை! படிப்புத் தவணை முடிவதற்குள் மல்லிகாவை முத்தமிடுகிறேன் என்று பாபு கூட்டாளிகளோடு பந்தயம் பிடிக்கிறான். பெண்கள் குளிக்கிற அறைச் சுவரில் துளை போட்டு எட்டிப் பார்க்கிறான், அவள் உடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கடைசியில் அவளை ஒரு சாமான் அறைக்குள் தள்ளிக்கொண்டு போக, கூட்டாளிகள் வெளியே கதவைப் பூட்டிவிடுகிறார்கள். கன்னத்தில் உதட்டுச்சாயத்தோடு பாபு வெளியே வர, காலேஜே கை தட்டுகிறது. அப்புறம் தேவாலயம், கல்யாணம், சுபம். அந்த அறைக்குள் மல்லிகா வாயைத் திறந்ததும் முதலாளி தொண்டையை ஒடுக்கி, "ஐயோ பாபு, கதவ நல்லாச் சாத்திட்டியா?" என்பார். அவ்வளவுதான், கூரை பறக்கும். நாளாக ஆக, அவர் சொல்வதற்கு முன்னாலேயே ஆண்கள் பக்கம் மொத்தமும் அந்த வரியைச் சேர்ந்து கத்தத் தொடங்கிவிட்டது.

யசோதாவும் அந்த வரிக்குச் சிரித்தவள்தான், யார் இல்லையென்று சொன்னது? ஆனால் போன போயா, அதாவது பௌர்ணமி விடுமுறையன்று அதே வரியை ஒரு பூட்டிய கதவுக்கு உள்ளே நின்று கேட்டாள். அதன் பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய அப்பா கறுப்பையா முதலாளியின் கடையில் மூட்டை கட்டுகிறவர். அம்மா அவள் சின்னப் பிள்ளையாயிருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவும் மகளும் இருந்தது கடைக்குப் பின்னால் முதலாளி கொடுத்த அறையில். கன்னியாஸ்திரிகளிடம் விடுதியில் தங்கிப் படித்து, இருபத்திரண்டு வயதில் ஒரு இங்கிலீஷ் பாலர் பாடசாலையில் ரீச்சராக இருந்தாள் யசோதா. அன்று போயா விடுமுறை, படம் இல்லை. அப்பாவுக்குச் சோற்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவளிடம், அப்பா மேலே வாங்கு அடுக்குகிறார் என்று சொன்னான் முத்துவேல். முதலாளியின் அண்ணன் மகன், பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளையாக வளர்ந்தவன். அப்பா மேலே இல்லை. கசட் வைக்கிற சின்ன அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு அவன் நுழைந்ததும், வெளியே அவனுடைய கூட்டாளிகள் கொண்டியைப் போட்டார்கள்.

வேணாம், விடு, கதவைத் திற என்று அவள் கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் இரண்டு கையையும் பிடித்துச் சுவரோடு அழுத்தி முகத்தில் முத்தமிட்டான். வெளியே நின்றவர்கள் பெண்குரலில், "ஐயோ பாபு, கதவ நல்லாச் சாத்திட்டியா?" என்று ஊளையிட்டார்கள். கை விடுபட்ட நிமிடத்தில் அகப்பட்ட கசட் பெட்டியைத் தூக்கி அவன் நெற்றியில் ஒரே போடாகப் போட்டாள். கதவு திறந்தது. நெற்றியில் ரத்தத்தோடு அவன் வெளியே வந்தபோது அந்த நாய்கள் கை தட்டின. அவனும் பல்லைக் காட்டினான். அவர்களோடு பிடித்த பந்தயத்தில் வென்றுவிட்டானாம்.

வென்றவன் அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாளே காதல் என்று வந்து நின்றான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பொய் சொல்கிறான் என்றால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். அவன் உண்மையாகவே நம்பினான். "ஒனக்கும் புடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியும் யசோ. மல்லிகாவும் மொதல்ல அடிக்கத்தானே செஞ்சா" என்றான். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டு சொன்னான்.

விஷயம் வெளியே கசிந்ததும் பெரியவர்கள் கூடினார்கள். பையன் ஆசைப்பட்டுவிட்டான், பெண் பேர் கெட்டுப்போவதற்கு முன் முடித்து வைப்பதுதான் மரியாதை என்று ஒரே பேச்சில் தீர்த்தார்கள். முதலாளி மனைவி வீரம்மா பூவும் பழமுமாக வந்து போனாள். புதன்கிழமை பரிசம் போடுவதென்று முடிவானது. அந்த அறைக்குள் நீ என்ன சொன்னாய் என்று மட்டும் ஒரு குருவிகூட அவளைக் கேட்கவில்லை.

அவள் அப்பாவிடம் சொன்னாள். ஒரு தரம் அல்ல, தினமும் சொன்னாள். கறுப்பையா கெட்டவரில்லை, கடன்பட்டவர். எண்பத்துமூன்று கலவரத்தில் அவர் வேலை பார்த்த புடவைக்கடையை எரித்தபோது, தன் கடையும் எரிந்துகொண்டிருக்க, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் இவர்கள் இருவரையும் லொறியில் போட்டு மூடிக் கலஹாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கணபதி முதலாளி. பிறகு கடையை மறுபடி எழுப்பி வேலையும் கொடுத்தார், அறையும் கொடுத்தார். "அந்த மனுசன் இல்லாட்டி நாம ரெண்டு பேரும் சாம்பலும்மா. அவருக்கு முன்னால எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முடியாதுன்னு சொல்றது?" என்று தலையைக் குனிந்துகொண்டார். உயிரைக் காப்பாற்றியதற்கு ஆயுசுக்கும் கும்பிடலாம், அதற்காக என்னைத் தட்டில் வைத்துக் கொடுக்க முடியாது என்று அவள் சொன்னாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்த நிலையில்தான் முதலாளியின் பல்லைப் பிடுங்கி மைக் கை மாறியது.

யசோதா முதலில் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஞாயிறன்று என்ன படம் என்று கேட்டாள். பூட்டின ரூம் படம் என்றார் முதலாளி. சரி என்றாள். சொல்வதற்கு முன்னால் ஒரு தரம் கேட்டுப் பழகவேண்டும் என்று சனி மத்தியானம் வீடியோ டெக் இருந்த ஹோலின் சாவியை வாங்கிக்கொண்டாள். வெள்ளைக்காரர்கள் வேகமாகப் பேசுவார்களே என்று, தன் பாடசாலையின் தலைமை ரீச்சர் திரேசாவையும் கூட அழைத்துக்கொண்டு மேலே ஏறினாள். திரேசா யாழ்ப்பாணத்துக்காரி, கண்டிப்பானவள், வேதக்காரி. இந்த மாதிரிப் படத்துக்கெல்லாம் கால் எடுத்து வைக்காதவள்.

இருவரும் டீவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த ஹோலில் மல்லிகாவின் சொந்தக் குரல் கேட்டது. சாமான் அறைக் காட்சி வந்தது. யசோதா நிறுத்தினாள், பின்னால் ஓட்டினாள், மறுபடி போட்டாள். மல்லிகா கதவைச் சாத்தினாயா என்று கேட்கவேயில்லை. வேண்டாம் என்றாள். விடு என்றாள். மறுபடியும் வேண்டாம் என்றாள். அடியில் சர்க்கஸ் மேளம் மாதிரி ஒரு சிரிப்புச் சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது.

"இதென்ன அரியண்டம்" என்றாள் திரேசா. "பிள்ளை வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல, படம் எடுத்தவன் மேளம் அடிக்கிறான்."

"வெள்ளக்காரங்க அவ சொன்னதக் கேட்டுக்கிட்டே சிரிச்சிருக்காங்க ரீச்சர். நம்ம ஆளுக அதக் காதுல விழவே விடல."

நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று திரேசா கேட்டாள். உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்றாள் யசோதா. அவ்வளவுதான் அவளுடைய திட்டம். அதைத்தான் பிறகு சதி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹோல் நிரம்பி வழிந்தது. மருமகள் கதை சொல்லப் போகிறாள் என்று முதலாளி பரப்பிய செய்தி அப்படி. முன் கதிரையில் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முத்துவேல், புதுச் சேட்டில். அவனுக்குப் பின்னால் அந்தக் கூட்டாளிகள். கறுப்பையா கதவோரம் நின்றார். பெண்கள் பக்கம் முன் வாங்கில் வீரம்மா, அவளுக்குப் பின்னால், வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்த திரேசா.

யசோதா தொடங்கியபோது சனத்துக்குச் சப்பென்றுதான் இருந்தது. அவள் குரலை ஒடுக்கவில்லை, ஆடவில்லை. பாபு துளை வழியாகப் பார்க்கும்போது, அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இவன் பார்க்கிறான் என்றாள். உடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அவள் அழுகிறாள், திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறாள் என்றாள். சிரிக்க வாயைத் திறந்தவர்கள் பாதியில் மூடினார்கள். ஜோக்காகச் சொல்லும்மா என்று முதலாளி துணிக்குள்ளிருந்து முனகினார். பெண்கள் பக்கம் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது.

சாமான் அறை வந்தது. மல்லிகா வாயைத் திறந்தாள். ஆண்கள் பக்கம் முழுவதும் ஒரே குரலில், "ஐயோ பாபு, கதவ நல்லாச் சாத்திட்டியா?" என்று கத்திவிட்டுக் கூரை அதிரச் சிரித்தது. யசோதா சிரிப்பு ஓயும்வரை பொறுத்திருந்தாள். பிறகு படத்தை நிறுத்தினாள்.

"அவ அப்புடிச் சொல்லல. வேணாம்னு சொல்றா" என்றாள் மைக்கில்.

சத்தத்தைக் கூட்டி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டாள். வெள்ளைக்காரியின் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது. "இப்ப வேணாங்கிறா. இப்ப விடுங்கிறா. இப்ப மறுபடியும் வேணாங்கிறா." இன்னொரு தரம் ஓட்டினாள். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் அந்தக் குரலில் இருந்த பயம் விளங்கியது. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. படத்தின் சிரிப்புச் சங்கீதம் மட்டும் தனியாக ஓடியது.

முதலாளி துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு எழுந்தார். இத்தனை வருடமாய்ச் சொன்ன எனக்குத் தெரியாததா, இந்தப் பிள்ளை பொய் சொல்கிறது, அவள் ஆசையோடுதான் பேசுகிறாள் என்று அந்த வீங்கிய வாயால் அவர் கத்தினார். பெண்கள் பக்கத்தில் திரேசா எழுந்து நின்றாள்.

"ஓம், அந்தப் பிள்ளை வேண்டாமெண்டுதான் சொல்லுது. நான் இருபது வருசம் இங்கிலீஷ் படிப்பிக்கிறன். உங்களுக்கு விளங்கேல்லையெண்டால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்."

"படத்துக்குத்தானே சிரிச்சோம், இதுல என்ன இருக்கு?" என்று முத்துவேல் எழுந்தான். "யசோ, நிப்பாட்டு. ஆளுக பாக்கிறாங்க."

"பாக்கட்டும்" என்றாள் யசோதா. கசட் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். "போயா அன்னைக்கு அந்தா அந்த ரூமுக்குள்ள இவன் என்னயத் தள்ளிப் பூட்டுனப்ப நானும் வேணாம்னுதான் சொன்னேன். விடுன்னு சொன்னேன். நான் இங்கிலீசுல சொல்லல, தமிழ்ல சொன்னேன். அதுக்குக் கத சொல்ல ஆள் வேண்டியதில்ல. கதவுக்கு வெளிய நின்னவங்களுக்கும் தமிழ் தெரியும்."

அந்தக் கூட்டாளிகளில் ஒருவன் மெல்ல எழுந்து வாசலைப் பார்த்தான். வாசலில் கறுப்பையா நின்றார், நகரவில்லை. அவன் மறுபடி உட்கார்ந்தான்.

அப்போது வீரம்மா பேசினாள். கணவர் படம் போடும் நாளெல்லாம் முன் வாங்கில் உட்கார்ந்து, சிரிப்பு வரும் இடத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிற பெண்பிள்ளை. இதுவரை அந்த ஹோலில் யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை.

"கடசியில கல்யாணம் நடக்குமே புள்ள. அங்கயாச்சும் அவ சம்மதம்னு சொல்றாளா?"

"இல்ல அத்த. பாதிரியார் அவகிட்டக் கேக்கிறதுக்கு முன்னயே படம் முடிஞ்சிருது."

வீரம்மா தலையை ஆட்டினாள். பூவும் பழமும் கொண்டு போனது அவள்தானே. புருஷன் பக்கம் திரும்பாமல், "நானும் கேக்கலியே" என்றாள், பக்கத்திலிருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும்படி. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

முதலாளிக்குத் தாங்கவில்லை. தாங்குமா? ஊரில் அவர் முகத்தைப் பார்த்து ஒருவன்கூட எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. இரண்டே எட்டில் டீவியை அணைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். அவர் யசோதாவிடம் பேசவில்லை. அவளோடு பேச என்ன இருக்கிறது, அவளுக்குத் தகப்பன் இருக்கிறானே.

"கறுப்பையா, எண்பத்திமூணு மறந்து போச்சா? நான் ஒன்னும் பிச்சை கேக்கல, எம்புள்ளைக்குப் பொண்ணு கேட்டேன். புதன்கெழம பரிசம் உண்டா இல்லியா? இல்லேன்னா ரூமும் இல்ல, வேலையும் இல்ல, தெரிஞ்சுக்க. ஒம்மக என்ன சொல்லுது, கேட்டுச் சொல்லு."

கறுப்பையா மகளைப் பார்த்தார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். இந்த அறை போனால் போவதற்கு இடமில்லை, கலஹாத் தோட்டத்தில் அவர்கள் முன்பு இருந்த லயத்து வீட்டை எப்போதோ வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. வெளியே கடைத்தெருவில் ஆமி ட்ரக் ஒன்று உறுமிக்கொண்டு போனது. அவர் இரண்டு கையையும் ஒன்றோடொன்று பிசைந்தார்.

"கேக்கிறேங்க மொதலாளி" என்றார். பிறகு, மகள் பிறந்ததிலிருந்து கேட்காததை அந்தச் சபையில் வைத்துக் கேட்டார். "என்னம்மா சொல்ற?"

"வேணாம்ப்பா."

கறுப்பையா மகளிடமிருந்து கண்ணை எடுத்தார். முதலாளி பக்கம் திரும்பிக் கும்பிடுகிற மாதிரி குனிந்து, "புள்ள கொஞ்சம் யோசிக்கணும்ங்குதுங்க மொதலாளி" என்றார்.

முதலாளியின் முகம் இளகத் தொடங்கியது. முத்துவேல் புதுச் சேட்டின் கொலரை இழுத்துச் சரிசெய்தான். யசோதா மைக்கை உயர்த்தினாள்.

"நான் அப்புடிச் சொல்லலப்பா."

கத்தவில்லை, அழவில்லை, உள்ளதைச் சொன்னாள். அப்பா அவளைப் பார்த்தார். அவருடைய உதடு கோணியது. கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்காமலே முதலாளியிடம் திரும்பினார்.

"வேணாங்குதுங்க மொதலாளி."

"என்ன?" என்றார் முதலாளி. காது நன்றாகக் கேட்கிற மனிதர்தான்.

"வேணாம்னு சொல்லுது" என்றார் கறுப்பையா. பிறகு குனிந்த முதுகை நிமிர்த்தி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னார். "எம்மக வேணாம்னு சொல்லுது."